கிரேட் ஃபால்ஸ் பலகைப்பாதை: முழங்கால் வலிக்காரர்களும் வீல்சேரும் போய்வர

வாஷிங்டன் டி.சி.க்கு வடமேற்கே சுமார் 15 மைல் தள்ளி, போடோமாக் ஆறு ஒரு மைலுக்குள்ளேயே 76 அடி இறங்குகிறது. குற்றாலம் மாதிரி ஒரே இடத்தில் கொட்டுகிற அருவி இல்லை இது. பாறைகளுக்கு நடுவே நாலைந்து வழியாகப் பிரிந்து, படிபடியாகத் தாவி, நுரைத்து, மறுபடி ஒன்றுசேர்ந்து ஒரு குறுகலான பள்ளத்துக்குள் விழுந்து ஓடும் ஆறு. இதை நேருக்கு நேர் பார்க்க மேரிலாந்து கரையிலிருந்து ஆல்ம்ஸ்டெட் தீவுக்குள் ஒரு பலகைப்பாதை போட்டிருக்கிறார்கள். கால்வாய்க்கரை நடையையும் சேர்த்துப் போக அரை மைல், வர அரை மைல். மலையேற்றம் கிடையாது, பாறை தாண்ட வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக டி.சி. வட்டாரத்தில் இதைவிட நல்ல நடை கிடைப்பது கடினம். ஆனால் "வீல்சேர் போகும்" என்று ஒரு வரியில் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பாதியில் திரும்புவதும் நடக்கிறது. பெரும்பாலும் அவர்களைத் திருப்பி அனுப்புவது பலகைப்பாதைக்கு முன்னால் வரும் கால்வாய்க்கரைச் சரளை. அதற்கடுத்த காரணம் பார்க்கிங்.

கிளம்பும் முன் ஆற்றைப் பாருங்கள்

எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இங்கே காட்சி முழுக்க மாறும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆற்றின் கீழ்ப்பகுதியில், லிட்டில் ஃபால்ஸ் என்ற இடத்தில், நீர்மட்டத்தை அளந்து இணையத்தில் உடனுக்குடன் காட்டுகிறது. "லிட்டில் ஃபால்ஸ் போடோமாக் கேஜ்" என்று தேடினால் வந்துவிடும். கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். நடக்கப் போகிறவர்களும் பார்ப்பது நல்லது.

மூன்று அடியை ஒட்டி இருந்தால் ஆறு அடங்கியிருக்கிறது: பாறைகள் நன்றாகத் தெரியும், தண்ணீர் தனித்தனிச் சரிவுகளாக இறங்கும். நாலு, ஐந்து அடி என்றால் சத்தமும் சாரலும் கூடும், ஆறு பழுப்பேறியிருக்கும். பத்து அடி அந்த அளவுகோலில் வெள்ள நிலை. அதற்கு வெகு முன்பே தீவுக்குப் போகும் பாலங்களைப் பூட்டிவிட வாய்ப்புண்டு. பெரிய மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இங்கே வானம் தெளிவாக இருக்கும், ஆனால் மேற்கு மலைகளில் பெய்த தண்ணீர் அப்போதுதான் வந்து சேரும். வெயிலைப் பார்த்துவிட்டு நம்பிப் போகக் கூடாது. மேரிலாந்து கரை செசபீக் - ஒஹாயோ கால்வாய்ப் பூங்காவைச் சேர்ந்தது; அதன் இணையப் பக்கத்தில் "ஆல்ம்ஸ்டெட் தீவு மூடல்" என்று அறிவிப்பு இருக்கிறதா என்று அன்று காலையிலேயே பாருங்கள்.

வெள்ளத்தில் அருவி பெரிதாகத் தெரியும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. அருவிக்கு மேலே ஏறக்குறைய 1000 அடி அகலத்தில் பரந்து வரும் ஆறு, அருவிக்குக் கீழே மேத்தர் பள்ளத்தாக்கில் 60 முதல் 100 அடி அகலத்துக்குள் நுழைய வேண்டும். அவ்வளவு தண்ணீரும் அந்தச் சந்துக்குள் போக முடியாமல் தேங்கி மேலே ஏறும். கீழ்மட்டம் ஏற ஏற மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, அருவியே மூழ்கிப்போகும். பெருவெள்ளத்தில் அங்கே இருப்பது ஓடுகிற ஒரு பழுப்புச் சமவெளி மட்டும்தான். 1972இல் ஆக்னஸ் புயல் வெள்ளம் தீவுக்குப் போகும் பாலங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. இருபது வருடம் யாரும் தீவுக்குப் போக முடியவில்லை. இப்போதிருக்கும் பாலங்கள் 1992இல் திறக்கப்பட்டவை.

காலம் என்று பார்த்தால் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரும் நிறைய, குளிரும் குறைவு. அக்டோபர் கடைசியில் மரங்கள் நிறம் மாறுவது அழகு, ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும், கூட்டம் நெரியும். ஜூலை, ஆகஸ்டில் சென்னைப் புழுக்கம். அப்போது போவதென்றால் காலை எட்டு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். ஜனவரியில் சாரல் படும் பலகைகளில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி உறைந்திருக்கும். வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

வண்டி, கட்டணம், பார்க்கிங்

மெட்ரோ ரயில் இங்கே வராது. காரில்தான் போக வேண்டும். 495 பெல்ட்வேயில் 41ஆவது எக்ஸிட்டில் இறங்கி, கார்டராக் பக்கம் போய், இடப்புறம் மக்ஆர்தர் புலவார்டில் திரும்பினால் அந்தச் சாலையே பூங்காவுக்குள் கொண்டுபோய் விடும். ஜிபிஎஸ்ஸில் வெறுமனே "கிரேட் ஃபால்ஸ் பார்க்" என்று போட்டால் வர்ஜீனியா கரைக்குக் கூட்டிப்போய்விடும். "கிரேட் ஃபால்ஸ் டாவெர்ன் விசிட்டர் சென்டர், மேரிலாந்து" என்று போடுங்கள். இரண்டு கரைக்கும் நடுவே நடந்து கடக்கப் பாலம் இல்லை. தப்பாகப் போய்விட்டால் பெல்ட்வே பாலம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

அந்த மக்ஆர்தர் புலவார்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. முன்பு அதன் பெயர் கான்டிட் ரோடு, குழாய்ச் சாலை. அருவிக்கு மேலே ஆற்றை மறித்து எடுக்கும் குடிநீர் இந்தச் சாலையின் அடியில்தான் தலைநகருக்குப் போகிறது. 1853இல் தொடங்கிய வேலை. இன்றைக்கும் டி.சி.யில் குழாயைத் திறந்தால் வருவது போடோமாக் தண்ணீர்.

கட்டணம் ஆளுக்கு அல்ல, காருக்கு. 20 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், வர்ஜீனியா கரைக்கும் அதுவே செல்லும். நிரந்தர உடல்குறை உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவசமான ஆக்சஸ் பாஸ், 62 வயதானவர்களுக்குச் சலுகை விலையில் சீனியர் பாஸ் என்று இரண்டு உண்டு. இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடைக்காது. காருக்குத்தான் கட்டணம் என்பதால் பெரிய நஷ்டமும் இல்லை.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சனி, ஞாயிறுகளில் பத்தரை, பதினொரு மணிக்குள் பார்க்கிங் நிறைந்துவிடும். பிறகு ஒரு வண்டி வெளியே வந்தால் ஒரு வண்டி உள்ளே. வரிசை சாலை வரை நீளும். சர்க்கரை நோயாளி பின்சீட்டில் சாப்பிடாமல் முக்கால் மணி நேரம் காத்திருக்கும் நிலை வர வேண்டாம். ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். வார நாள் முடியுமென்றால் இன்னும் நல்லது. காலை நேரத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு: காட்சிமேடையிலிருந்து அருவி மேற்குப் பக்கம் இருக்கிறது, காலையில் வெயில் உங்கள் முதுகில் விழும், போட்டோ தெளிவாக வரும். மாலையில் கண் கூசும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் டாவெர்ன் பக்கம் இருக்கிறது. அதற்கான அட்டை உங்களிடம் இல்லையென்றால் பெரியவர்களையும் வீல்சேரையும் டாவெர்ன் அருகே இறக்கிவிட்டு, கூட ஒருவரை நிறுத்திவிட்டு, வண்டியைத் தள்ளிப் போய் நிறுத்துங்கள். கழிப்பறை இங்கேதான். தீவுக்குள் ஒன்றும் இல்லை. "இப்ப வேண்டாம், வந்து போய்க்கலாம்" என்று சொல்கிறவர்களையும் ஒருமுறை அனுப்பிவிடுவது நல்லது, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

டாவெர்னிலிருந்து பாலம் வரை

டாவெர்ன் என்பது பழைய லாக் காவலர் வீடும் விடுதியுமாக இருந்த கட்டடம். 184.5 மைல் நீளமுள்ள செசபீக் - ஒஹாயோ கால்வாயின் 20ஆவது லாக் அதன் வாசலில் இருக்கிறது. லாக் என்றால் இரு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கி, ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். 1828இல் வெட்டத் தொடங்கிய இந்தக் கால்வாயில் 1924 வரை படகுகள் ஓடின, பெரும்பாலும் நிலக்கரி ஏற்றியவை. கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுத்துப் போன பாதைதான் இன்று நீங்கள் நடக்கப் போகும் டோபாத்.

டாவெர்ன் பக்கத்திலிருந்து சிறு பாலத்தில் கால்வாயைக் கடந்ததும் இடப்புறம் திரும்புங்கள். வலப்புறம் திரும்பினால் ஆற்றின் மேல்பக்கம் போவீர்கள், அங்கே அருவி கிடையாது. இடப்புறம் திரும்பியபின் கால்வாய் உங்கள் இடக்கையில், ஆறு வலக்கையில் இருந்தால் சரியான வழி. சுமார் கால் மைலில் வலப்புறம் பலகைப்பாதையின் வாசல், பெயர்ப்பலகையோடு வரும்.

இந்தக் கால் மைலைத்தான் திட்டமிட வேண்டும். தரை பொடிச்சரளையும் மண்ணும் கலந்து இறுக்கியது. காய்ந்திருந்தால் நடக்க நன்றாக இருக்கும். ஒவ்வொரு லாக்கும் ஏறக்குறைய எட்டு அடி உயர வித்தியாசத்தைச் சமாளிக்கக் கட்டியது. ஆகவே லாக்கைத் தாண்டும் இடத்தில் பாதையும் குறுகிய சரிவாக இறங்கும். போகும்போது இறக்கம் என்பதால் யாருக்கும் தெரியாது. களைத்துத் திரும்பும்போது அது ஏற்றம். "போகும்போது நல்லாத்தானே நடந்தார்" என்று குழம்புகிற இடம் இதுதான். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கைத்தடியைப் போகும்போதே கொடுத்துவிடுங்கள், வாங்க மறுத்தாலும்.

வீல்சேர் தள்ளுகிறவர்களுக்கு:

விமான நிலையத்தில் பார்க்கும், நாலு சக்கரமும் சிறியதாக உள்ள மடக்கு நாற்காலி இங்கே திணறும். பின்சக்கரம் 24 அங்குலம் உள்ள சாதாரண வீல்சேர் போதும். காற்றடிக்கும் டயர் என்றால் முந்தின நாளே காற்றைப் பாருங்கள். முன்னால் உள்ள சிறு சக்கரங்கள்தான் பிரச்சினை. சரளை கொஞ்சம் தளர்ந்த இடத்தில் அவை பக்கவாட்டில் திரும்பி மண்ணில் குத்தி நின்றுவிடும். நீங்கள் வேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தால், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அதனால் இடுப்புப் பட்டை கட்டாமல் இந்தப் பகுதியில் தள்ள வேண்டாம்.

மாட்டிக்கொண்டால் முன்னால் அழுத்தித் தள்ளாதீர்கள். பின்பக்கம் கீழே நீட்டியிருக்கும் கம்பியில் காலை வைத்து அழுத்தி, கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்து, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கி, பின்சக்கரங்களில் மட்டும் அந்த இடத்தைத் தாண்டுங்கள். நீளமான தளர்ந்த பகுதி என்றால் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுப்பது சுலபம். லாக் சரிவுகளில் இறங்கும்போதும் அதேதான்: நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, முதுகுப்பக்கமாக மெல்ல இறக்குங்கள். பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். தனியாக ஒருவர் தள்ளி முடித்துவிடலாம்தான், ஆனால் திரும்பும் ஏற்றத்தில் இரண்டாவது ஆள் இருப்பது பெரிய நிம்மதி. மின் வீல்சேருக்கும் அனுமதி உண்டு.

கால்வாய் ஓரத்திலும் லாக் சுவர்களின் விளிம்பிலும் தடுப்பு எல்லா இடத்திலும் இருக்காது. குழந்தைகள் லாக் சுவரின் மேல் ஓடுவார்கள்; கீழே கல்தரை. வீல்சேரை நிறுத்தும்போது எப்போதும் பிரேக்கைப் போட்டு, கால்வாய்க்கு இணையாக நிறுத்துங்கள். கால்வாயை நோக்கி நிறுத்த வேண்டாம்.

மழை பெய்து இரண்டு நாள் ஆகவில்லையென்றால் வீல்சேரோடு போவதைத் தள்ளிப்போடுங்கள். சரளை நனைந்தால் சக்கரம் அரை அங்குலம் இறங்கினாலே தள்ளும் பாரம் இரட்டிப்பானது போலிருக்கும்.

பலகைப்பாதைக்குள் வந்தபின்

இங்கிருந்து சுலபம். நாய்க்கு அனுமதி இல்லை, சைக்கிளை வெளியே பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். குழந்தை வண்டி போகலாம். பாதை இன்னொரு கால் மைல். ஒரு தீவைத் தாண்டி அடுத்த தீவு, நடுவே ஓடைகளின் மேல் பாலங்கள்.

முதல் பாலத்திலேயே நின்றுவிடுங்கள். கீழே சந்து போன்ற பாறை இடுக்கில் தண்ணீர் வெண்ணெய் கடைந்தது போலத் திரண்டு போகும். கிளை ஓடையே இப்படியென்றால் ஆறு எப்படி இருக்கும் என்று பெரியவர்களே வேகம் எடுப்பார்கள். அதற்குப்பின் சத்தம் குறைந்து காடு வரும். வெறும் பாறைமேல், ஒரு சாண் மண்ணில், குட்டையும் முறுக்குமாக வளர்ந்த மரங்கள். வெள்ளம் வந்து அவ்வப்போது அலசிவிட்டுப் போவதால் வேறெங்கும் எளிதில் காணாத செடிகள் இங்கே வாழ்கின்றன. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று தடை போட்டிருப்பது அதற்காகத்தான். பாறைகளில் உரல் மாதிரி வட்டக் குழிகள் தெரியும். ஒருகாலத்தில் ஆறு இந்த உயரத்தில் ஓடியபோது, சுழலில் மாட்டிய கற்கள் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை. அம்மாக்கள் யாரும் சொல்லாமலே "ஆட்டுக்கல்" என்பார்கள்.

ஈரமான பலகையில் ரப்பர் செருப்பு வழுக்கும். சேலையோ வேட்டியோ கட்டி வருகிறவர்கள் கரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்ளட்டும், வீல்சேரில் இருப்பவர்கள் முந்தானையைச் சக்கரத்தில் சிக்காமல் மடியில் சுருட்டிக்கொள்ளட்டும். துப்பட்டாவும் அப்படித்தான். பிடியுள்ள ஷூ, தொப்பி, ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு பிஸ்கட், ஒரு சால்வை, அவ்வளவு போதும். சால்வை ஏனென்றால் மரநிழல் முடிந்து காட்சிமேடைக்கு வந்ததும் காற்று முகத்தில் அடிக்கும்.

பாதை முடிவில் மேடை. எதிரே ஆறு முழுக்க இறங்குகிறது. அக்கரையில் தெரிகிற ஆட்கள் வர்ஜீனியாவில் நிற்கிறார்கள். உச்சிநேரத்தில் முன்வரிசையில் கூட்டம் இருக்கும், வீல்சேரில் இருப்பவரின் கண்மட்டத்துக்குக் கம்பிகளும் முதுகுகளும்தான் தெரியும். தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் விலகி வழிவிடுவார்கள். பிரேக்கைப் போட்டுவிட்டு பத்து நிமிடம் சும்மா உட்காரவிடுங்கள். முதலில் எல்லாம் ஒரே நுரையாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தனித்தனி வழிகள் பிரியும். பாறைமேல் இறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்களையும், அசையாமல் நிற்கும் பெரிய நீல நாரையையும் அப்போதுதான் கவனிப்பார்கள். சில நாட்களில் கயாக்கோடு அருவியில் ஆள் பாய்ந்து இறங்குவதையும் பார்க்கலாம். ஆபத்தில் மாட்டிய ஆள் என்று பதறாதீர்கள், அவர்கள் பழகியவர்கள்.

தண்ணீரில் காலை வைக்காதீர்கள்

நம் ஆட்களுக்கு அருவி என்றால் குளியல். இங்கே குளிப்பதும் காலை நனைப்பதும் சட்டப்படித் தடை. இந்தப் பள்ளத்தாக்கில் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும் இடத்திலும் கீழே இழுப்பு இருக்கும். நுரைத்த தண்ணீரில் பாதி காற்று, அது உடம்பைத் தாங்காது. பாறைகள் அடியில் குடையப்பட்டிருப்பதால் உள்ளே இழுபட்டவர் வெளியே வர வழி இருக்காது. செல்ஃபிக்காகக் கம்பியைத் தாண்டுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இன்னொரு தவறு, பலகைப்பாதை வாசலைக் கவனிக்காமல் டோபாத்திலேயே நேராகப் போய்விடுவது. கால்வாயின் குறுக்கே பெரிய மரக்கட்டடம் போன்ற வெள்ளத்தடுப்பு கண்ணில் பட்டால் வாசலைத் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள். அதற்கப்பால் தொடங்குவது பில்லி கோட் பாதை. கைகளையும் பயன்படுத்திப் பாறை ஏற வேண்டிய வழி, பெரியவர்களுக்கு உகந்ததல்ல.

பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாகப் படரும் கொடியைத் தொட வேண்டாம், பாய்சன் ஐவி. கொப்புளம் இரண்டு வாரம் படுத்தும். கோடையில் வீடு திரும்பியதும் கணுக்கால், முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யாராவது விழுந்து 911ஐ அழைக்க நேர்ந்தால், டோபாத்தில் மைல்கற்கள் உண்டு: டாவெர்ன் இருப்பது 14.3ஆவது மைல். "ஆல்ம்ஸ்டெட் தீவுப் பாலம், மேரிலாந்து பக்கம்" என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரளை வேண்டாம் என்றால்

காலை மழை, மெலிந்த சக்கர நாற்காலி, அல்லது அதிக தூரம் நடக்க முடியாதவர் என்றால் வர்ஜீனியா கரைக்குப் போங்கள். அங்கே விசிட்டர் சென்டரிலிருந்து காட்சிமேடைகள் கிட்ட. மூன்று மேடைகளில் இரண்டாவதும் மூன்றாவதும் வீல்சேர் போகும்படி இருக்கின்றன, முதலாவது வேண்டாம். பக்கத்தில் ஒரு கம்பத்தில் எந்தெந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று குறித்திருக்கிறார்கள். 1936இன் பட்டையைத் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் முன்னின்று தொடங்கி 1802இல் முடிந்த பழைய கால்வாயின் எச்சங்களும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் அங்கே ஆற்றைக் கரையில் நின்று பார்க்கிறீர்கள். மேரிலாந்து பக்கம் ஆற்றுக்கு நடுவே போய் நின்று பார்க்கிறீர்கள். உடம்பு இடம் கொடுத்தால் மேரிலாந்து.

திரும்பி வந்ததும் டாவெர்ன் பக்கத்து மேசைகளில் கட்டிவந்த புளியோதரையைப் பிரிக்கலாம். கனடா வாத்துகள் சுற்றி வரும், எதுவும் போடாதீர்கள். பூங்காவில் குப்பைத்தொட்டி கிடையாது. ஒரு பை எடுத்துப் போய், தட்டும் இலையும் திரும்ப உங்கள் காருக்கே வர வேண்டும்.